முடிச்சில்லாத தையல்

அன்று மதியம் என் தங்கை பதூல் ஒப்பனை அறையில் உட்கார்ந்து, கைக்குட்டை ஒன்றில் ஜிலாலியின் பெயரைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஃபெஸ் நகரத்து நாடகக் குழுவில் யாருக்கும் சம்பளம் இல்லை. நடிப்பவர்களுக்குக் கைதட்டலாவது உண்டு. திரைக்குப் பின்னால் உழைக்கும் ஏழு பேருக்கு அதுவும் இல்லை. நாடகம் அரங்கேறி முடிந்ததும் அவர்களுக்குக் கொடுக்கத்தான் ஆளுக்கொரு கைக்குட்டை. எல்லாம் நீல நூல். எங்கள் ஊர்த் தையலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். அதனால் முடிச்சே போடக் கூடாது.

“லல்லா, என் பேரைப் பெருசாப் போடுங்க. கடைசி வரிசைக்கும் தெரியணும்,” என்றான் ஜிலாலி. பெண்களை அவன் மரியாதையாக ‘லல்லா’ என்றுதான் அழைப்பான். மேடைக்கு மேலே திரைகளின் எடைக்கு ஈடாகத் தொங்கும் மணல்மூட்டைகளைத் தாங்கும் கயிறுகள் அவன் பொறுப்பு.

“பேரை விட உன் வாய்தான் பெருசு. போ, முதல்ல கயிறைக் கட்டு. சிகரெட் அப்புறம்.”

சிறிது நேரம் கழித்து, ராணி வேடத்துக்கான உடையில் பிரிந்த விளிம்பைத் தைக்க பதூல் மேடைக்குப் போனாள். மேலிருந்து ஒரு மணல்மூட்டை அவள் தலையில் விழுந்தது.

கைக்குட்டையில் பெயர் பாதியில் நின்றிருந்தது. ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

“அவங்கதான் கயிறை அவுத்தாங்க. வேணாம்னு சொன்னேன், கேக்கல,” என்று ஜிலாலி எல்லோரிடமும் சொன்னான். அம்மா நம்பிவிட்டாள். செத்த மகளைத் திட்டித் திட்டி அழுதாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாற்பதாம் நாள் பிற்பகல், பதூலின் நினைவாகக் குழு அரங்கில் கூடியது. அம்மாவும் வந்திருந்தாள். நான் கைக்குட்டைகளைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஜிலாலிக்கு உரியதைக் கையில் எடுத்தேன்.

பாதியில் நின்றிருந்த பெயர் இப்போது முழுதாக இருந்தது.

ஊசியைக் காணோம்.

அவன் அதை வாங்கி வாயைத் துடைத்துக்கொண்டான். “பாவம், அந்தக் கயிறைத் தொடாம இருந்திருக்கலாம்.”

பிறகு இருமினான்.

உதட்டோரம் நீலமாக ஏதோ எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்தான். வந்தது. ஒரு சாண். ஒரு முழம். ஈரமான நூல்.

தலைக்கு மேலே, காற்றே இல்லாத இருட்டில், ஒரு கயிறு மெல்ல முனகியது.

“நான்தான்,” என்று கிசுகிசுத்தான். “நான்தான் முடிச்சுப் போடல. சிகரெட்டுக்குப் போயிட்டேன். விட்டுடுங்க, லல்லா பதூல்!”

அம்மா எழுந்து நின்று அவனையே பார்த்தாள்.

நூல் நிற்கவில்லை. வெட்டினோம். அடுத்த இருமலில் மறுபடி வந்தது.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “லல்லா ஹனியா, நுனியில ஒரே ஒரு முடிச்சு. அதோட நின்னுடும். போடுங்க.”

போட்டிருக்கலாம்.

“எங்க தையல்ல முடிச்சுப் போடறதில்ல,” என்றேன்.

மூன்று வருடமாகிறது. அம்மா இப்போது பதூலைத் திட்டுவதில்லை. ஜிலாலி உயிரோடுதான் இருக்கிறான்; நூலும் நின்றபாடில்லை. காலையில் அவன் இருமல் தெருமுனை வரை கேட்கிறது. அது அடங்கியதும் பதூலின் தையல் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

நீல நூற்கண்டு ஓர் இழைகூடக் குறையவில்லை.