அப்பாவுக்குக் கால் உண்டா?

அப்பா வந்து இறங்கிய அன்று பெஹ்ருஸ் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இந்த மாமா எப்பம்மா வீட்டுக்குப் போவாரு?"

ரஷ்யாவில் இரண்டு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு, பை பையாகத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் சிரித்துச் சமாளித்தார்.

"மாமாவுக்கு முதல்ல டீ குடுங்க. போறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

அவர் கிளம்பிப் போனபோது பெஹ்ருஸ் தொட்டில் குழந்தை. இப்போது அவனுக்கு மூன்று வயது. அக்கா நிகோராவுக்குப் பத்து வயது. அவளுக்கு அப்பாவை நன்றாகவே ஞாபகம் இருந்தது. பனியில் செருப்பில்லாமல் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தம்பியோ அம்மாவின் அங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சாப்பாட்டு விரிப்பைப் போட்டதும் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அங்கே ஆணியில் காய்ந்துபோன ஒரு வட்ட ரொட்டி தொங்கியது. அதன் ஓரத்தில் ஒரே ஒரு கடி. அது அப்பா கடித்தது. தூரதேசம் போகிறவர்கள் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். மீதி ரொட்டி அவர்களுக்காகச் சுவரில் காத்திருக்கும். திரும்பி வந்து அவர்களே அதைத் தின்று முடிக்க வேண்டும். அந்தத் தெருவில் ரொட்டி தொங்காத வீடு கிடையாது.

அப்பா எழுந்து கையை நீட்டினார்.

"தொடாத" என்று கத்தினான் பெஹ்ருஸ். ஓடிப்போய்ச் சுவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான். "அது எங்கப்பா ரொட்டி."

"நான்தான்டா உங்கப்பா."

"இல்ல. எங்கப்பா போன்ல இருக்காரு."

அப்பா ரொட்டியை யாரும் தொடக் கூடாது என்று அவனுக்குத் தினமும் சொல்லிக்கொடுத்தது நிகோராதான். அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

"சரிப்பா. உங்கப்பா வந்தே சாப்பிடட்டும்" என்றார் மெதுவாக.

சாயங்காலம் டீ நேரத்தில் அப்பா ரஷ்யாவிலிருந்து வீடியோ போனில் பேசுவது வழக்கம். பெஹ்ருஸ் அம்மாவின் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். போன் அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? கூப்பிட வேண்டியவர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாமா வந்ததுலேர்ந்து அப்பா பேசவே மாட்டேங்குறாரு" என்று அழுதான் பெஹ்ருஸ்.

நாலைந்து நாளாக இதே கதைதான். அப்பா மிட்டாய் கொடுத்தார். பொம்மைக் கார் கொடுத்தார். எல்லாவற்றையும் சமர்த்தாக வாங்கிக்கொண்டு, "தாங்க்ஸ் மாமா" என்றான் அவன்.

ஒருநாள் அப்பா அம்மாவிடம் பேசியது நிகோராவின் காதில் விழுந்தது.

"மார்ச்சுல திரும்பக் கெளம்பணும். அதுக்குள்ள ஒரு தடவையாவது அப்பான்னு கூப்பிடுவானா?"

"ஒரு வருஷம் போகாமத்தான் இருங்களேன்."

"போகாம இருந்தா வர்ற குளிருக்கு நிலக்கரி யாரு வாங்குறது? நிகோரா படிப்பு?"

நிகோராவின் தலைக்குள் ஒரு கேள்வி புகுந்துகொண்டது. அப்பாக்கள் இப்படி ஊரைவிட்டுப் போவது நல்லதா, கெட்டதா?

வீட்டுக்கு மேலே பளபளக்கும் நீலத் தகரக் கூரை அப்பாவின் சம்பாத்தியம். முன்பெல்லாம் மழை வந்தால் வீடு முழுக்க வாளி வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் போனது நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரும் ரஷ்யாவுக்குச் செங்கல் அடுக்கப் போய்விட்டார். இப்போது விளையாட்டு டீச்சர்தான் கணக்கு நடத்துகிறார். விடை தப்பானால் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறார். அது கெட்டது. ஆண்கள் குளிர்காலத்தில்தான் ஊர் திரும்புகிறார்கள் என்பதால் எல்லாக் கல்யாணமும் அப்போதே நடக்கிறது. தினமும் புலாவ் சாப்பிட்டு வயிறு வலிப்பது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

பெரியவர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வந்தது. அதனால் தம்பியிடமே போனாள்.

"பெஹ்ருஸ், நம்ம அப்பா எவ்வளவு பெரிசு?"

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "இத்தனாம் பெரிசு."

"அப்பாவுக்குக் கை இருக்கா?"

யோசித்தான். "ஒரு கை இருக்கு. டாட்டா காட்டுவாரு."

"கால்?"

"அப்பாவுக்குக் கால் கெடையாதுக்கா" என்றான், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "அந்த மாமாவுக்குத்தான் பெரிய பெரிய காலு."

நிகோராவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பு நின்றும்போனது. இரண்டு வருடமாகப் போன் அவனுக்கு அப்பாவின் முகத்தை மட்டும்தானே காட்டியிருக்கிறது? அவன் அப்பாவை மறக்கவே இல்லை. பார்த்த அளவு அப்பாவைப் பத்திரமாக வைத்திருந்தான்.

அவள் முற்றத்துக்கு ஓடினாள். அப்பா விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அப்பா, டீ நேரத்துக்கு உங்க போன எடுத்துக்கிட்டுத் தெருக்கோடிக்குப் போங்க. அங்கேருந்து எங்கள வீடியோல கூப்பிடுங்க."

"வீட்டுல இருக்குறவன் எதுக்கும்மா வீட்டுக்கே போன் பண்ணணும்?"

"அவனுக்கு நீங்க இன்னும் வந்து சேரலப்பா."

அப்பா கோடாலியைக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலம் போன் அடித்தது. பெஹ்ருஸ் துள்ளி எழுந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, இங்க ஒரு மாமா வந்திருக்காரு. உங்க ரொட்டியத் தின்னப் பாத்தாரு. நான் விடல."

"நல்ல வேலை பண்ண" என்றார் அப்பா. "கெட்ட மாமாவா?"

"இல்லப்பா. காரு குடுத்தாரு. அவருக்கு வீடு இல்ல போல. பாவம்."

நிகோரா அவன் காதருகில் குனிந்தாள். "கால் இருக்கான்னு கேளு."

"அப்பா, உங்களுக்குக் கால் இருக்கா?"

"இருக்கே. பாக்கறியா?"

போனில் முகம் மறைந்து, பனி அப்பிய இரண்டு பூட்ஸ்கள் தெரிந்தன. பெஹ்ருஸ் வாயைப் பிளந்தான். "நடங்க" என்று உத்தரவு போட்டான்.

பூட்ஸ்கள் நடந்தன. வாய்க்கால் பலகையைத் தாண்டின. ஒரு மல்பெரி மரத்தடியில் நின்றன.

"அது நம்ம மரம் மாதிரியே இருக்கு" என்றான்.

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. போனுக்குள்ளும் குரைத்தது, ஜன்னலுக்கு வெளியிலும் குரைத்தது. பெஹ்ருஸ் போனைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். போனில் நீலக் கேட் திறந்தது. பிறகு ஒரு கதவு திறந்தது. பிறகு, சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு சின்னப் பையனின் முதுகு தெரிந்தது.

"அக்கா, என் ஸ்வெட்டர் போனுக்குள்ள இருக்கு."

திரும்பிப் பார்த்தான்.

வாசலில் இரண்டு பூட்ஸ்கள். அவன் கண்கள் அங்கிருந்து மெல்ல ஏறின. முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் முகம். மறுபடி போனைப் பார்த்தான். எழுந்து போய், குனிந்து, பூட்ஸைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்பாவுக்குக் கால் வந்திருச்சு" என்றான்.

அப்பா அப்படியே மண்டியிட்டு அவனை இறுக்கிக்கொண்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆறிப்போன டீயை ஊதினாள்.

பெஹ்ருஸ் அப்பாவின் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் இழுத்தான். "தூக்குங்க." அப்பா தூக்கினார். ஆணியிலிருந்து அவனே ரொட்டியை எடுத்து அவரிடம் கொடுத்தான். கல்லாகிப் போயிருந்த ரொட்டியை டீயில் நனைத்து நனைத்து அப்பா கடித்தார்.

"பல்லு போயிடும் போல" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"மார்ச்சுல போனாலும் தினமும் எங்களுக்குக் காலக் காட்டணும்" என்றாள் நிகோரா.

"காட்டுறேம்மா. சாக்ஸ் கிழிஞ்சிருந்தா சிரிக்கக் கூடாது."

அப்போது பெஹ்ருஸ் அறை முழுக்கக் கண்ணால் தேடினான்.

"அந்த மாமாவுக்கும் ஒரு துண்டு குடுக்கணும். எங்க அவரு?"

அப்பா நிகோராவைப் பார்த்தார்.

"அவரு வீட்டுக்கு வந்து சேந்துட்டாருடா" என்றாள் நிகோரா.