லீமாவின் தொட்டியில் விழுந்த பொரி

லீமாவை வில்வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டைபாய்டுக் காய்ச்சல். வண்டி எங்கள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது ஞானசெல்வி ஓடிப்போய்க் கூடவே நடந்தாள். இரண்டு பேருக்கும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

லீமா கண்ணைத் திறந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏட்டி, எனக்க மீன பாத்துக்கிடுவியா? நான் வாறது வரைக்கும்."

"பாத்துக்கிடுகேன்" என்றாள் ஞானசெல்வி.

அந்த மீன்கள் எங்கள் வகுப்பின் கண்ணாடித் தொட்டியில் இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் வடசேரியில் கண்ணாடிக்குள் மீன் நீந்துவது சாதாரணமா? எங்கள் ராஜையன் சார் இரும்புச் சட்டம் அடித்து, நான்கு பக்கமும் கண்ணாடி பொருத்தித் தானே செய்த தொட்டி. அதைப் பார்க்கக் காக்கையும் குருவியும் வரிசையில் நின்றன. ஒன்பது கெண்டைக்குஞ்சுகளையும் லீமாதான் கால்வாயில் துவர்த்துத் துண்டை வலைபோல் விரித்துப் பிடித்தாள். மணலில் நான்கு நீர்ச்செடிகளையும் அவளே நட்டாள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. மீன் மனத்தில் என்ன நினைக்கிறது என்பதுகூடத் தெரியும்.

இருபத்தொரு நாள் தாண்டினால்தான் பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். அந்தச் செய்தி வந்த அன்று வகுப்பில் யாரும் பேசவில்லை. ததேயுஸ்கூடப் பேசவில்லை. ததேயுஸ் தும்மினால் சுசீந்திரத்தில் மணி அசையும், அப்பேர்ப்பட்டவன்.

பொன்னுலிங்கம்தான் அந்த யோசனையைச் சொன்னான். வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் அவன் அம்மா தெப்பக்குளத்து மீன்களுக்குப் பொரி போடுவதாக நேர்ந்துகொள்வாளாம். லீமாவுக்காக நாமும் மீனுக்குப் பொரி போட்டால் என்ன? கோயிலுக்குப் போகிறவர்கள், பதிக்குப் போகிறவர்கள், மாதா கோவிலுக்குப் போகிறவர்கள், எல்லோரும் கண்ணை மூடி, இருபத்தொரு நாளும் போடுவதாக நேர்ந்துகொண்டோம். நானும்தான்.

மறுநாள் முதல் தொட்டியில் தினமும் பொரி விழுந்தது. நாற்பது பேர், ஆளுக்கு ஒரு கைப்பிடி. வடசேரிச் சந்தையில் பொரி விற்றவர் அந்த மாதமே மாடி வீடு கட்டினார். இரண்டு மாடி என்று சிலர் சொல்வார்கள். நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. நாஞ்சில் நாட்டு வயல் முழுவதையும் பிழிந்து ஊற்றியது போன்ற பச்சை. கண்ணாடியில் வழுவழுவென்று பாசி. செடியின் இலைகளில் நூல்நூலாகப் பாசி. நாற்றத்தில் பக்கத்து வகுப்பு பதினாறாம் வாய்ப்பாட்டையே மறந்தது.

பிறகு ஒரு காலையில் இரண்டு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. இந்த இடத்தில் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டுதான்.

ஞானசெல்வி அவற்றைப் பூவரச மரத்தடியில் புதைத்தாள். அழவில்லை. ராஜையன் சார் தொட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"பத்து நாள் பாப்போம், மக்கா. தெளியல்லன்னா மிச்ச மீன கால்வாயில விட்டிருவோம். இதுக்குள்ள கிடந்து சாகாண்டாம்."

லீமா வரும்போது காலித் தொட்டியைக் காட்டுவதா? அன்று மாலை ஞானசெல்வி கால்வாய்க் கரையில் போய் உட்கார்ந்தாள். செடி அடர்ந்திருந்த இடத்தில் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. மாடு குளிப்பாட்டும் மூலையில் செடியே இல்லை. சாணமும் வைக்கோலும் ஊறி, வெயில் காய்ந்து, தண்ணீர் எங்கள் தொட்டியைப் போலவே பச்சையாகக் கிடந்தது.

அவள் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் நல்ல தண்ணீர் பிடித்தாள். ஒன்றில் ஒரு பிடி பொரி போட்டாள். மற்றதில் பொரி இல்லை, இரண்டு செடித் தண்டு. இரண்டையும் வகுப்பு ஜன்னலில் வெயில் படும்படி வைத்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், பொறுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாம் நாள் பொரிக் குப்பி பச்சையாகியிருந்தது. செடிக் குப்பி தெளிவாக இருந்தது.

தின்னாமல் மிச்சமாகிற பொரி அழுகிப் பாசிக்கு உரமாகிறது. செடி நிறைய இருந்தால் அந்த உரத்தைச் செடி எடுத்துக்கொள்ளும். அதனால் நாளை முதல் பொரி வேண்டாம் என்றாள் ஞானசெல்வி. பொன்னுலிங்கம் மெதுவாக எழுந்தான்.

"நேந்தத நிறுத்தச் சொல்லுகியா? இன்னும் இருபத்தொரு நாள் முடியல்ல. லீமாவுக்கு என்னமாவது ஆனா?"

அவன் முரண்டு பிடிக்கவில்லை, பயந்துபோயிருந்தான். நாங்கள் எல்லோருமே பயந்துபோயிருந்தோம். அது ஞானசெல்விக்குப் புரிந்தது. குப்பியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நிறுத்தாண்டாம்லே. மீனுக்குப் போடுகோம்னுதான நேந்தோம்? இந்தத் தொட்டி மீனுன்னு யாரும் சொல்லல்லியே. லீமா மீன் பிடிச்ச கால்வாய்ல போடுவோம். அங்க ஆயிரம் மீன் கிடக்கு. ஒரு பொரி மிஞ்சாது. திரும்பி வரும்போ ஆளுக்கொரு செடி கொண்டுவந்து தொட்டியில நடுவோம்."

பொன்னுலிங்கம் யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு பல் விழுந்து முளைத்துவிட்டது.

"ஆயிரம் மீன்னா இன்னும் நல்லதுதான்" என்றான் கடைசியில்.

அன்று மாலை நாற்பது பேரும் கால்வாய்க்குப் போனோம். பொரி தண்ணீரைத் தொடும் முன்பே மீன்கள் துள்ளி வாங்கின. திரும்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு செடி.

அடுத்த நாள் ஜன்னலில் ஓலைப்பாயைத் தொங்கவிட்டு வெயிலை மறைத்தோம். கண்ணாடியைத் தேங்காய்ச் சவுரி நாரால் தேய்த்தோம். அடியில் கிடந்த அழுகலை எடுக்க ஞானசெல்வி நீளமாக வளைந்த பப்பாளி இலைத் தண்டு கொண்டுவந்தாள். அது குழாய்போல உள்ளே பொள்ளல். வாயால் உறிஞ்சிச் சட்டென்று கீழே வாளிக்குள் விட்டால் தண்ணீர் தானாக இறங்கும். ததேயுஸ் சட்டென்று விடவில்லை. அவன் அதன்பிறகு ஒரு வருடம் பச்சையாகவே ஏப்பம் விட்டான்.

குறைந்த தண்ணீருக்கு ஈடாகத் தினமும் இரண்டு செம்பு புதுத் தண்ணீர். மீனுக்குத் தீனி, ஞானசெல்வி கையால் மூன்றே மூன்று பொரி.

பத்தாம் நாள் ராஜையன் சார் தொட்டியின் மறுபக்கம் தன் கையை விரித்துப் பிடித்தார். நாங்கள் இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தோம். மங்கலாக, ஐந்து விரல்களும் தெரிந்தன. சார் தொட்டியை ஒரு முறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பினார்.

இருபத்தொன்றாம் நாளும் கடந்தது. அதற்கும் ஒரு மாதம் கழித்து லீமா வந்தாள். மொட்டைத் தலையில் துணி கட்டியிருந்தாள். காற்றடித்தால் மயிலாடிவரை பறந்துவிடுவாள், அவ்வளவு மெலிவு. நேராகத் தொட்டியிடம் போனாள். செடிகள் அசைந்தன. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அவள் விரலால் எண்ணினாள்.

"ரெண்டு குறையுதே."

ஞானசெல்வி மறைக்கவில்லை. பூவரச மரத்தடியைக் காட்டி நடந்ததெல்லாம் சொன்னாள். பொரி எதற்காக விழுந்தது என்பதையும் சொன்னாள்.

லீமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பொன்னுலிங்கம் பழக்கதோஷத்தில் பையிலிருந்து ஒரு கைப்பிடி பொரியை எடுத்துத் தொட்டிக்கு மேலே நீட்டிவிட்டான். முப்பத்தொன்பது பேரும் அவன் கையைப் பிடித்தோம்.

லீமா சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபின் அவள் சிரித்தது அன்றுதானாம்.

"இஞ்ச தா. எனக்குப் பசிக்கு."

பொன்னுலிங்கம் அவள் உள்ளங்கையில் பொரியைக் கொட்டினான். லீமா ஒன்று மிச்சமில்லாமல் தின்று முடித்தாள்.