நீலச் சாக்கட்டி

தீவுக்கு வந்த மூன்று நாளில் அவர்கள் கடலில் கால் நனைத்தது இரண்டே முறை. மற்ற நேரமெல்லாம் குச்சியால் பந்தைக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் மேசை தேடித்தான் அலைச்சல். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து முதன்முறையாகக் கிடைத்த விடுமுறை இது. எட்டு வயது மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கணவன் தன் ஆட்டக்குச்சியை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை.

நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் சாக்பீஸ். குச்சியின் நுனியில் தேய்க்கும் நீலச் சாக்கட்டி எந்நேரமும் அவன் சட்டைப் பையில் இருக்கும். நடுவில் கட்டைவிரல் அளவுக்குக் குழி விழும்படி அதைத் தேய்ப்பது அவன் வழக்கம். எடுக்க மறந்து சட்டையைத் துவைக்கப் போடுவான். வீட்டுத் துணியெல்லாம் நீலம் பூத்து வெளியே வரும். அவள் கத்துவாள். அவன் இளிப்பான். குடித்தனம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

விடுதி மேசையின் மேல் துண்டுகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். கடற்கரைச் சாப்பாட்டுக் கடையின் மேசை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எந்தப் பந்தை அடித்தாலும் ஒரே மூலைக்கு ஓடியது.

"அதுவே ஆடிக்குதுங்க. நீங்க எதுக்கு நடுவுல?" என்று அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி நாள் நாலு மணிக்குக் கப்பல். மதியமே மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தவர்தான் சொன்னார், மூடிக் கிடக்கும் ஐஸ் ஃபேக்டரியின் மாடியில் ஒரு மேசை இருப்பதாக.

"நல்ல மேசைதான். ஆனா போகாதீங்க."

"ஏன்?"

"ஜெயிச்சவர் அங்கயே நின்னு அடுத்த ஆளோட ஆடணும். அதான் அங்க பழக்கம்."

சாக்பீஸ் சிரித்துவிட்டான். எந்த மேசையில்தான் அந்தப் பழக்கம் இல்லை? ஆட விரும்புகிறவர் தன் சாக்கட்டியை மேசை விளிம்பில் வைக்க வேண்டும். ஜெயித்து நிற்பவர் அவரோடு ஆட வேண்டும். தோற்றவர் நகர்ந்துவிடலாம். பதினைந்து வருஷமாக அவன் அப்படித்தான் ஆடிவருகிறான். சாயக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருபது மரப்படிகள். ஏற ஏறக் குளிர் கூடியது. மேலே உப்பும் ஈரச் சாக்குப்பையும் கலந்த வாடை. மங்கிய விளக்கின் கீழ், ஒரு கிழிசலும் இல்லாத பச்சைத் துணி விரித்த மேசை. அதன் அருகே ஒரு கிழவர். வலது கை மணிக்கட்டு வரை நீலமாக இருந்தது.

"ரொம்ப நாளா யாரும் வரல," என்றார் மெல்ல.

சாக்பீஸ் தன் சாக்கட்டியை விளிம்பில் வைத்தான். அவள் ஜன்னலோரம் அமர்ந்து துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தாள். பந்துகள் மோதும் சத்தம் அந்த அறையில் ஏனோ தாமதமாகவே கேட்டது. கிழவர் நன்றாகத்தான் ஆடினார். கடைசியில், போட்டால் ஜெயிப்பு என்ற எட்டாம் நம்பர் கறுப்புப் பந்தை மெதுவாக அடித்தார். பந்து குழியின் வாயில் நின்றது. சாக்பீஸ் அதை லேசாகத் தட்டிவிட்டு ஜெயித்தான்.

கிழவர் குச்சியைக் கீழே வைத்தார். அழுதார். போகும்போது அவளிடம் வந்து கைகூப்பினார்.

"மன்னிச்சிரும்மா."

படியிறங்கும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்று. பன்னிரண்டு.

பதின்மூன்றாவது படி ஒலிக்கவேயில்லை.

எட்டிப் பார்த்தாள். படிகள் காலியாக இருந்தன.

"வாங்க, போலாம்."

"வரேன்." அவன் அவளுடன் நடந்து வந்தான். அவள் வாசலைத் தாண்டித் திரும்பினாள். அவன் மேசையருகே நின்றிருந்தான், கையில் குச்சியோடு. அவனும் திகைத்துப்போயிருந்தான். மறுபடி வந்தான். மறுபடியும் அங்கேயே நின்றான்.

மூன்றாம் முறை அவன் நகரவில்லை.

"குச்சிய விட முடியல," என்றான். அவன் விரல்நுனிகள் நீலமாகத் தொடங்கியிருந்தன.

கப்பல் முதல் முறை ஊதியது. உள்ளே போன பந்துகள் யாரும் தொடாமலே மேசையின் நடுவில் முக்கோணமாகச் சேர்ந்திருந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனை யாராவது ஜெயிக்க வேண்டும். பத்து வருஷத்தில் அவள் அவனை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. இருந்தாலும் விளிம்பில் கிடந்த சாக்கட்டியை எடுத்தாள்.

"நான் ஆடறேன்."

"ஜெயிச்சா நீ மாட்டிப்ப."

"பரவால்ல."

"பாப்பாவ யார் பாத்துப்பா?" அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். சாக்கட்டி இருட்டில் உருண்டது. "வைக்காத. ஓடு. திரும்பிப் பாக்காத."

அவள் ஓடினாள். அதற்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கப் போவதில்லை.

போலீஸோடு திரும்பி வந்தபோது மாடியில் மேசையும் இல்லை, விளக்கும் இல்லை. துருப்பிடித்த ஐஸ் பெட்டிகளின் மேல் கணுக்கால் உயரத்துக்குத் தூசி. சாயக்காரரைத் தேடினாள், படகு மட்டும் பாதிச் சாயத்தோடு நின்றிருந்தது. கணவர் கடலில் விழுந்திருப்பார் என்று போலீஸார் எழுதி வழக்கை மூடினார்கள்.

ஆறு மாதம் ஆயிற்று. வீட்டில் இப்போது இரண்டு பேர் துணிதான். ஒரு ஞாயிறு காலை மெஷினைத் திறந்தாள்.

துணியெல்லாம் நீலம்.

அவன் சட்டை எதுவும் அதில் இல்லை. மகளின் பள்ளிச் சீருடையைத் தூக்கி உதறினாள். பையிலிருந்து ஒரு சாக்கட்டி தரையில் விழுந்தது. நடுவில் கட்டைவிரல் அளவுக் குழி.

"இத யார் குடுத்தா?"

மகள் வரைந்துகொண்டிருந்த படத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அப்பா."

"எப்போ?"

"தினமும்தான் வராரே. வாசல்ல நிப்பாரு, உடனே போயிடுவாரு." குரல் தணிந்தது. "அடுத்த ஆட்டம் எனக்காம். நான் ஜெயிச்சா அவர் வீட்டுக்கு வந்துடுவாராம், ஜெயிக்கறதுக்குக் கத்துத் தரேன்னாரு."

அவள் மகளின் கையைப் பற்றினாள். மணிக்கட்டு வரை நீலம். குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவக்கும்வரை தேய்த்தாள்.

நீலம் போகவில்லை. கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.