இல்லாத இன்ஜின்

டமார் என்று கதவு சுவரில் மோதியதில் உதவியாளர் நோரா பிம்மின் கையிலிருந்த தேநீர் தட்டில் சிந்தியது. வந்தவள் ஐம்பதைத் தாண்டிய பெண். மழை சொட்டும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக மேஜைக்கு வந்து, வலது கையை விரித்து வைத்தாள். சுண்டுவிரல் பாதியோடு நின்றிருந்தது.

"இது வலது கையா, இடது கையா? நீங்களே சொல்லுங்க!"

"வலது," என்றார் ஆம்ப்ரோஸ் தார்லி, ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தாமல். "இதைக் கேக்கறதுக்குன்னு யாரும் துப்பறியும் ஆபீசுக்கு வர மாட்டாங்க. உட்காருங்கம்மா."

அவள் பெயர் ஹில்டா கோவ்லி. முதல் பெரிய போரில் ஆண்கள் எல்லாரும் பிரான்சுக்குப் போய்விட, லண்டன் ஃபுல்ஹாமில் மிஸ் ஓர்ம் என்ற சீமாட்டி மூன்று பெண்களை வைத்து ஒரு கராஜ் நடத்தினாள். அந்த மூவரில் ஹில்டாவும் ஒருத்தி. பிறகு கல்யாணமாகிக் கனடா போய்விட்டாள். புருஷன் இறந்ததும் திரும்பி வந்திருக்கிறாள். மிஸ் ஓர்ம் சாகும்போது, கராஜில் எடுத்த புகைப்படத்தில் இருக்கும் பெண்களில் யார் உயிரோடிருந்தாலும், மாடி வீட்டில் ஆயுள் முழுக்கக் குடியிருக்கலாம் என்று உயில் எழுதிவிட்டுப் போயிருந்தாள். மற்ற இருவரும் இப்போது இல்லை.

"அப்புறம் என்ன சிக்கல்?" என்றாள் நோரா.

"அந்த லம்லிதான் சிக்கல். சொத்தைப் பாத்துக்கறவன். படத்தில இருக்கற பொண்ணுக்கு இடது கை விரல் போயிருக்கு, உனக்கு வலது, நீ ஏமாத்துக்காரிங்கறான். தங்கியிருக்கற விடுதியில சனிக்கிழமை காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நான் ஸ்டேஷன் பெஞ்சிலதான் படுக்கணும்."

"படம் எடுத்த நாள் ஞாபகமிருக்கா?" என்றார் தார்லி.

"நல்லா! மிஸ் ஓர்ம் கடை போர்டைப் பளபளன்னு துடைச்சு, அதுக்கு நேர் கீழேதான் நிக்கணும்னாங்க. எங்களுக்குச் சிரிப்பு அடங்கல. போருக்குப் போன ஆம்பளைங்க விட்டுட்டுப் போன ஓவரால்தானே எங்களுக்கு? காலை மூணு மடிப்பு மடிச்சுவிட்டு, பொம்மை மாதிரி நின்னோம்."

தார்லி ரொட்டியை முடித்துக் கைகளைத் தட்டிக்கொண்டார். "கிளம்புங்க. நோரா, உனக்கும் வேலையிருக்கு. படத்தில இன்ஜின் இருக்குமில்ல?"

"சார், நான் போன சண்டையில ஆர்மி லாரி ஓட்டி..."

"காலையில ஒரு தடவை சொல்லிட்ட."

ஃபுல்ஹாமில் கராஜ் இருந்த கீழ்த்தளம் இப்போது லம்லியின் அலுவலகம். லம்லி ஒல்லியான, மரியாதையான மனிதர். வாக்குவாதம் எதுவும் செய்யாமல் சுவரில் தொங்கிய பெரிய படத்தைக் காட்டினார்.

"பழைய படம் ஈரத்தில கெட்டுப்போச்சுங்க. கண்ணாடி நெகடிவ் இருந்துச்சு, அதை வெச்சு இதைப் பெரிசா பிரிண்ட் போடச் சொன்னேன். அப்புறம் அந்தக் கண்ணாடியும் உடைஞ்சுடுச்சு."

படத்தில் ஒரு கார், இன்ஜின் மூடியும் நம்பர் பலகையும் கழற்றப்பட்டு நேர் எதிரே நின்றது. அதை ஒட்டி முகமெல்லாம் கரி பூசிய மூன்று பெண்கள். நடுவில் நின்றவளின் இடது கை, ரேடியேட்டரில் கம்பெனிப் பெயர் இருக்கும் இடத்தை மறைத்து விரிந்திருந்தது. சுண்டுவிரல் பாதிதான். மூவரின் தொப்பிகளும் மேல் சட்டத்தில் இடித்தன. காலடியிலோ அரைப்படத்துக்குத் தரைதான். தார்லி அந்தத் தரையை வெகுநேரம் பார்த்தார்.

நோராவோ படத்தில் மூக்கு உரசும்படி நின்றாள். "ஃபோர்டு டி சார்! முன்னாடி குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். நாலு சிலிண்டரும் ஒரே வார்ப்பு, மேல போல்ட் போட்டு மூடின தலை. எங்கப்பா வெச்சிருந்தாரே, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்..." சட்டென்று நிறுத்தினாள். "இல்லையே. இது ஃபோர்டு இல்ல."

"ஏன்?"

"புகைக்குழாயும் கார்புரேட்டரும் காருக்கு வலப்பக்கம்தான் இருக்கும். எதிர்ல நின்னு பாத்தா நம்ம இடது கைப் பக்கம் தெரியணும். இதில வலது கைப் பக்கம் இருக்கு. அப்படின்னா வேற கம்பெனி. ஆனா இந்த ஸ்பிரிங், இந்தத் தலை, இந்தக் குழாய், மூணும் சேர்ந்த ஒரு இன்ஜினை நான் பாத்ததே இல்ல." அவள் குரல் இறங்கிவிட்டது. "சார், இப்படி ஒரு இன்ஜினே கிடையாது."

"இல்லாத இன்ஜின் எப்படி படத்தில வரும், நோரா?"

நோரா தன் கைகளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு துள்ளினாள். "திருப்பிப் போட்ட படம்! கண்ணாடியைப் பின்பக்கமா வெச்சுப் பிரிண்ட் போட்டிருக்காங்க. இடது வலதாயிடுச்சு!"

"கடவுளே! கை என்னோடதுதான்!" என்றாள் ஹில்டா.

லம்லி பதறவில்லை. "அவசரப்படாதீங்க. சட்டைப் பட்டனைப் பாருங்க. பொம்பளைங்க உடுப்பில பட்டன், போட்டிருக்கறவங்களோட இடது பக்கம் இருக்கும். தையற்கடையில யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. படத்திலயும் இடது பக்கம்தான் இருக்கு. படம் திரும்பியிருந்தா பட்டனும் மாறியிருக்கணுமே?"

நோராவின் முகம் தொங்கிப்போனது. அவர் சொன்னது சரிதான். மூன்று பேரின் பட்டன்களும் பெண்களுக்கு உரிய பக்கத்தில்தான் இருந்தன.

"நல்ல வாதம்," என்றார் தார்லி. "பொம்பளைங்க போட்டிருந்தது பொம்பளைங்க உடுப்பா இருந்தா. மிஸஸ் கோவ்லி, அந்த ஓவரால் யாரோடது?"

"ஆம்பளைங்களோடது! மூணும்!"

"ஆம்பளை ஓவராலுக்குப் பட்டன் வலது பக்கம். படத்தில இடது பக்கம் இருக்கு. ஆக, பட்டனும் திரும்பித்தான் இருக்கு. பொண்ணுங்கன்னு பாத்ததும் நம்ம யாருக்கும் அது தப்பாத் தெரியல."

லம்லி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பிரிண்ட் போட்டவன் தப்புப் பண்ணியிருப்பான். எனக்கெப்படித் தெரியும்?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா படத்தோட மேல்பக்கத்தை யாரோ வெட்டியிருக்காங்க. தொப்பி இடிக்குது; கீழே சும்மா கிடக்கற தரையை யாரும் தொடல. இவங்க நின்னது கடை போர்டுக்கு நேர் கீழே. போர்டு படத்தில இருந்திருந்தா எழுத்தெல்லாம் இடம் வலமாத் திரும்பி, குழந்தைகூடக் கண்டுபிடிச்சிருக்கும். தெரியாமப் பண்ணவன் போர்டை வெட்ட மாட்டான், மிஸ்டர் லம்லி."

வெளியே பஸ் ஒன்று தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது.

"வாடகைக்காகவா?" என்றாள் நோரா. கேட்கும்போதே எரிச்சலாக இருந்தது. "ஒரு பொம்பளையை ஸ்டேஷன் பெஞ்சுக்கு அனுப்பற அளவுக்கா?"

"ஒரு பைசா வாடகை வரல," என்றார் லம்லி.

"அப்ப மாடி காலியாத்தானே இருக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் தலைக்கு மேலே தேநீர்க் கெண்டி ஒன்று விசிலடித்தது. யாரோ செருப்பைத் தேய்த்து நடந்துபோய் அதை இறக்கினார்கள். ஹில்டா மெல்ல மேலே பார்த்தாள். லம்லி தார்லியைப் பார்க்கவில்லை, ஹில்டாவைத்தான் பார்த்தார்.

"மேல எங்கம்மா இருக்காங்க, மிஸஸ் கோவ்லி. கராஜ் திறந்த நாள்லேர்ந்து மூடின நாள் வரைக்கும் உங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்தவங்க. இந்தப் படத்துக்கு மட்டும் அவங்களை யாரும் கூப்பிடல."