மலையாளம் தெரியாத மலையாளி

நாகலூர் பள்ளிக்கூடத்தில் அன்று பாடம் கிடையாது. ஆனாலும் யாருக்கும் விளையாடத் தோன்றவில்லை.

மஞ்சமேட்டில் பாக்சைட் வெட்டலாமா, கூடாதா என்று ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் பெரிய வகுப்பில் நடந்துகொண்டிருந்தது. ஒரு மணிக்குக் கூட்டம் முடிந்துவிடும். அப்போதே மணி பன்னிரண்டரை.

ஸ்டெஃபியும் சுதாராணியும் கதவோரம் நின்றிருந்தார்கள். இருவரும் ஆறாம் வகுப்பு. மஞ்சமேட்டில்தான் சுதாராணி வீட்டுச் சாமைக் காடு இருந்தது. அவர்களுடைய கோயிலும் அங்கேதான்.

சுதாராணியின் அப்பா மூக்கன் பேசிப் பார்த்தார். 'மேட்ட வெட்ட வேண்டாமுங்க' என்பதற்கு மேல் வரவில்லை. பாக்சைட் வெட்ட வந்த கம்பெனிக்காரர் அசையவில்லை.

"எங்க அறிக்கையில தெளிவா இருக்கு மேடம். அங்க பழங்குடியினரே கிடையாது. அவங்க நிலமா இருந்தாத்தானே தடை?"

கூட்டத்தை நடத்திய அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "அறிக்கையில என்ன தப்புன்னு குறிப்பிட்டுச் சொல்லுங்க. சும்மா வேண்டாம்னா நான் எழுத முடியாது."

சுதாராணி ஸ்டெஃபியின் கையை இறுகப் பிடித்தாள். "மேடு போயிருமா?"

ஸ்டெஃபி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளுடைய அப்பா மரியஜோசப் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார். காலையிலேயே சொல்லியிருந்தார், "வாயத் தொறக்காத கண்ணு. மொதலாளி கம்பெனி பக்கம். என் வேலைக்கு ஒல வெச்சுராத."

வாயைத்தானே திறக்கக் கூடாது? கண்ணைத் திறக்கலாமே. பஜ்ஜி மடித்த காகிதத்தைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிறவள் அவள். கதவோர மேசையில் கிடந்த அறிக்கையை எடுத்துப் புரட்டினாள்.

முப்பத்தேழாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. 'மலையாளிகள், 62 குடும்பங்கள். கேரளத்திலிருந்து குடியேறியவர்கள். தாய்மொழி மலையாளம்.'

"சுதா, உனக்கு மலையாளம் தெரியுமா?"

"எனக்கு இங்கிலீசே வராது."

ஸ்டெஃபிக்குப் புரிந்துவிட்டது. ஏற்காட்டு மலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்றுதான் பெயர். பேசுவது தமிழ். அறிக்கை எழுதியவர், மலையாளி என்ற பெயரை மட்டும் கேட்டுவிட்டு, அறுபத்திரண்டு குடும்பத்தையும் கேரளத்துக்கு அனுப்பிவிட்டார்.

மணி பன்னிரண்டு ஐம்பது. அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனாலும் அவள் அறிக்கையோடு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க மேடம், முப்பத்தேழாம் பக்கம் தப்புங்க." படித்துக் காட்டினாள்.

கம்பெனிக்காரர் சிரித்தார். மூக்கனிடம் திரும்பி, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்.

"மலையாளிங்க."

"பாத்தீங்களா மேடம், அவரே சொல்றாரு."

ஸ்டெஃபி விடவில்லை. "அப்ப அவருகிட்ட மலையாளத்துலயே ஒண்ணு கேளுங்க."

அதிகாரி அம்மா பாலக்காட்டில் படித்தவர். மூக்கனைப் பார்த்து, "எவிடெயா தாமசம்?" என்றார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூக்கன் பதறிப்போனார். "தாமசமாங்க? இல்லீங்க, நாங்க ஏழு மணிக்கே வந்துட்டமுங்க."

வகுப்பே சிரித்தது. அதிகாரி அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குள் சுதாராணி தலைமையாசிரியரின் அறைக்கு ஓடி, உதவித்தொகைக்காகக் கொடுத்திருந்த தன் சாதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வந்தாள். மலையாளி, பழங்குடியினர் என்று அரசு முத்திரையோடு இருந்தது.

அதிகாரி அம்மா அதை இரண்டு தடவை படித்தார். "இந்த அறிக்கை செல்லாது. புதுசா எழுதணும். அதுவரைக்கும் மேட்டுக்கு ஒரு மெஷினும் போகக்கூடாது."

கம்பெனிக்காரருக்கு முகம் சிவந்தது. "நீயும் அந்த ஜனமா பாப்பா? உனக்கென்ன வந்துச்சு?"

"இல்லீங்க. எங்க பாட்டன் காப்பித் தோட்டத்து வேலைக்கு மலைக்குக் கீழ இருந்து வந்தாருங்க. குடியேறுனவங்கன்னு யாரையாச்சும் எழுதணும்னா எங்கள எழுதிக்குங்க."

பின் வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்து நின்றார்.

"எழுதிக்குங்க மேடம்," என்றார் அவர். "மொதல் பேரு மரியஜோசப்."