நானூற்று ஒன்றாவது குதிப்பு

சிவகொழுந்து வானிலிருந்து முப்பத்தெட்டு முறை குதித்திருந்தார். ஆனால் நானூற்று முப்பத்தெட்டு முறை குதித்த நினைவு அவருக்கு இருந்தது. மீதி நானூறும் அவருடைய பயிற்சியாளர் ரெஜினாவுடையவை. அந்த ரெஜினாவிடமே அவர் இப்போது வாதாடிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை.

உளுந்தூர்ப்பேட்டையின் பழைய விமான ஓடுதளத்தை ஒட்டியிருந்தது குடை அறை. பாராசூட்டை அங்கே எல்லோரும் குடை என்றுதான் சொல்வார்கள். இருநூற்று முப்பது சதுர அடிக் குடை புதியவர்களுக்கானது. நிதானமாக இறங்கும், தப்புச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். நூற்று முப்பத்தைந்து சதுர அடிக் குடை அப்படியல்ல. ஒரு பக்கக் கயிற்றைப் பலமாக இழுத்தால் கயிறு அறுந்த வாளி மாதிரி சரிந்துகொண்டே திரும்பும். உயரத்தில் அது ஆனந்தம். தரைக்குப் பக்கத்தில் அதே ஆனந்தம் எலும்பை முறிக்கும்.

சிவகொழுந்துக்கு அந்தச் சின்னக் குடைதான் வேண்டும். நானூறு குதிப்பு முடித்தவர் அதை எடுக்கலாம் என்பது குதிப்போர் சங்கத்தின் விதி. ஏற்றிக்கொண்ட குதிப்பும் சொந்தக் குதிப்பும் ஒன்று என்பது அதற்கடுத்த விதி. மின்வாரியத்தில் இருபத்திரண்டு வருடம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவருக்கு விதி எண்ணெல்லாம் மனப்பாடம். அவற்றைச் சொல்லிக்காட்டவும் அவர் கூச்சப்படவில்லை.

எல்லாம் பட்டறிவுத் தொப்பியால் வந்த வினை. தேர்ந்த ஒருவர் அதை மாட்டிக்கொண்டு, தான் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். கையும் காலும் அசைந்த விதத்தையும் மனம் இருந்த இருப்பையும் தொப்பி பதிந்துகொள்ளும். கற்பவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் தூங்கி எழுந்தால் போதும். ஊசி போடுவதும் லாரி ஓட்டுவதும் முறுக்குப் பிழிவதும் இப்படித்தான் வந்துகொண்டிருந்தன. பத்து வருடம் உழைத்துக் கற்றவர்களுக்கு வயிறு எரிந்தது, வேறென்ன செய்ய.

ரெஜினா தன் நானூறு குதிப்புகளைப் பதிவுக்குக் கொடுத்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. தென்னிந்தியா முழுக்கப் பழகுநர்கள் அவற்றைத்தான் ஏற்றிக்கொள்கிறார்கள். யாரைப் பார்த்தாலும் கதவருகே அவளைப்போலவே இடது தோளைச் சாய்த்து நின்றார்கள். கடைசி முந்நூறு அடியில் அவளைப்போலவே துணிச்சலாகத் திரும்பினார்கள். அதை மட்டும் அவளால் பார்க்க முடிவதில்லை. பயிற்சியாளராகி ஐந்து வருடமாகியும், யார் இறங்கினாலும் அந்த முந்நூறு அடிக்கு அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

காரணம் எளிது. பதிவு முடிந்த அடுத்த வாரம் அவள் விழுந்தாள்.

சேலம் பக்கம் ஒரு மைதானம். இறங்கும் இடத்தில் டிராக்டர் ஒன்று குறுக்கே வந்தது. நூறு அடியில் சின்னக் குடையின் இடது கயிற்றை இழுத்தாள். கணுக்காலும் இடுப்பும் போயின. நான்கு மாதம் கட்டிலில் கிடந்தாள். நாடெங்கும் பரவியிருந்த பதிவில் அந்தக் குதிப்பு இல்லை. எந்தத் திருப்பத்துக்கும் தண்டனை வாங்காத ஒரு பெண்ணின் தைரியம்தான் அதில் இருந்தது.

இதை அவள் சிவகொழுந்திடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இன்றைக்குக் காற்று திசை மாறி மாறி அடிப்பதையும், அவள் எடை ஐம்பத்திரண்டு கிலோ, அவர் எடை எண்பத்தாறு என்பதையும் சொன்னாள். ஒரே குடை கனமான ஆளை இன்னும் வேகமாக இறக்கும் என்றாள். தலையாட்டிவிட்டு அவர் சிவப்புச் சின்னக் குடையைக் கொக்கியிலிருந்து எடுத்தார்.

"நீங்க சொல்றது புத்திக்குப் புரியுது மேடம். ஆனா அந்தத் திருப்பத்த நான் நானூறு வாட்டி பண்ணியிருக்கேன். ஒரு வாட்டிகூட ஒண்ணும் ஆகல. கை அப்படித்தான் சொல்லுது."

ரெஜினாவுக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவளுடைய கைதான் அவரிடம் இருந்து பேசியது. சொல்லால் அதை அடக்க முடியாது.

"என்னோட நானூத்தி ஒண்ணாவது குதிப்பு ஒண்ணு இருக்கு சார்," என்றாள். "அதையும் ஏத்திக்கோங்க. அப்புறம் எந்தக் குடைய வேணும்னாலும் எடுங்க. நான் தடுக்க மாட்டேன்."

சும்மா கிடைப்பதை வேண்டாம் என்பாரா? சம்மதித்தார்.

பதிவு கொடுப்பவர்களிடம் ஒரு குறை பிற்பாடுதான் தெரிய வந்திருந்தது. நடந்தது நினைவிருக்கும், அதன் ருசி போய்விடும். முறுக்குப் பிழிந்து பதிவு கொடுத்த ஒரு அம்மாளுக்கு அந்தக் கைவேலையில் இருந்த சந்தோஷம் போயே போய்விட்டதாம். ரெஜினாவுக்கும் அப்படித்தான். தன் முதல் நானூறு குதிப்புகள் யாரோ சொல்லிக் கேட்ட கதைபோல் ஆகிவிட்டன. விழுந்தது மட்டும்தான் சொந்தமாக மிஞ்சியிருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று அவள் நம்பினாள். ஆனாலும் தன் கைப்பழக்கத்தால் அவர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.

தொப்பியை மாட்டிக்கொண்டு டிராக்டரை நினைத்தாள். கயிற்றை நினைத்தாள். தரை வந்த வேகத்தையும், காலுக்குள் கேட்ட சத்தத்தையும், வாயில் நிறைந்த மண்ணையும் நினைத்தாள். முடிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

ஒரு குதிப்புதானே, இருபது நிமிடத் தூக்கம் போதுமாயிருந்தது. சிவகொழுந்து அலறிக்கொண்டு எழுந்து இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு சிவப்புக் குடையை எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு, தொட்டதே தப்பு என்பதுபோலக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது.

இருநூற்று முப்பதை முதுகில் கட்டிக்கொண்டு அவர் குதித்தார்.

ரெஜினா கீழே நின்று பார்த்தாள். முந்நூறு அடியில் காற்று புரண்டது. இறங்குதளத்தை விட்டு அவர் வேலிப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டார். இடது கை கயிற்றை நோக்கி உயர்வது தெரிந்தது. உயர்ந்த கை நின்றது. மெதுவாக இரண்டு கயிற்றையும் சமமாகப் பிடித்தது. குடை நேராகவே சென்று வேலியைத் தாண்டி, நிலக்கடலைக் காட்டில் அவரை உட்கார வைத்தது. கொஞ்சம் மண், கொஞ்சம் வெட்கம், வேறு சேதமில்லை. ரெஜினாவின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்புறம்தான் கவனித்தாள். கடைசி முந்நூறு அடி முழுக்க அவள் கண் திறந்தே இருந்தது.

டிராக்டரை நினைத்துப் பார்த்தாள். ஒரு டிராக்டர், அவ்வளவுதான். தரை, சத்தம், மண் எல்லாம் நாளிதழில் படித்த விபத்துபோல் இருந்தன. ஏழு வருடமாக வயிற்றுக்குள் கிடந்த கல்லைக் காணவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வானத்தைப் பார்க்கப் பார்க்க, இன்னும் ஒருமுறைகூடக் குதிக்காதவளின் ஆசை அவளுக்குள் பொங்கியது. நேரே குடை அறைக்குப் போனாள். சிவப்பு அழகாக இருந்தது. எடுத்துத் தோளில் மாட்டினாள்.

கடலைச் செடியைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்த சிவகொழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். லேசாக நொண்டினார். அவருக்குக் காலில் ஒரு அடியும் பட்டிருக்கவில்லை.

"அதக் கழட்டுங்க மேடம்."

"ஆயிரத்து நூறு குதிப்பு சார் எனக்கு," என்றாள் அவள்.

"இருக்கட்டும். நாம விழுந்தது எப்படி இருந்துச்சுன்னு இப்ப எனக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

சிவப்புக் குடையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அவரே இன்னொரு இருநூற்று முப்பதைக் கொண்டுவந்து, அவள் தோள்பட்டைகளை இழுத்துச் சரிபார்த்து, நெஞ்சுக் கொக்கியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

விமானம் மேலே ஏறும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பாடத்தில் கேள்வி கேட்டார். தரையிலிருந்து எத்தனை அடிக்குள் பலமாகத் திரும்பக் கூடாது?

"முந்நூறு," என்றாள் ரெஜினா சட்டென்று.

"ஏன்?"

அவளுக்குப் பதில் தெரியும். காற்றழுத்தம், எடை, சரிவு என்று வரிசையாக ஒப்பித்தாள். குரலில் ஏற்ற இறக்கமில்லாமல், பயமில்லாமல், நேற்றுவரை சிவகொழுந்து ஒப்பித்த மாதிரியே. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. "என் பின்னாடியே வாங்க," என்றார் அவர். "நான் திரும்புற உயரத்துலதான் நீங்களும் திரும்பணும்."

சரி சார் என்றாள். தனக்காகப் பயப்பட ஒருவர் இருப்பது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.