பாடும் பெட்டியும் பாதி ஆங்கிலமும்

அந்த ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைக்க ஓர் அறை இருந்தது. பஞ்சுவின் அம்மாவுக்கு அங்கேதான் வேலை. பள்ளி விட்டதும் பஞ்சு நேராக அங்கே வந்துவிடுவாள்.

பஞ்சு என்பது செல்லப் பெயர். அவள் பேசினால் பஞ்சு விழுகிற சத்தம்தான் கேட்கும் என்று அப்பா வைத்த பெயர் அது.

அறை முழுக்க அலமாரிகள். குடைகள், மூக்குக் கண்ணாடிகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துபோன ஒரு பல்செட்கூட அங்கே இருந்தது. மழை பெய்தால், கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் தண்ணீர்போல அசைந்து அசைந்து இறங்கும். அப்போது அந்த அறை கடலுக்கு அடியில் இருப்பதாகப் பஞ்சு நினைத்துக்கொள்வாள். குடைகள் எல்லாம் தூங்குகிற மீன்கள்.

அன்றும் மழைதான். ஆனால் பஞ்சுவின் மனம் கடலுக்குள் போகவில்லை.

"அம்மா, டீச்சர் வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க. முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசணுமாம். பேசிட்டு வந்து அவங்களைப் பத்தி வகுப்புல சொல்லணுமாம். பக்கத்துல பெரியவங்க யாராவது இருக்கணுமாம்."

"இங்கே நாள் பூரா தெரியாதவங்கதானே வர்றாங்க?" என்றாள் அம்மா. "வெளியே கூடத்துல போய்ப் பேசு. என் கண்ணுல படுற மாதிரி நில்லு. அவ்வளவுதான்."

"தப்பாப் பேசினா சிரிப்பாங்களேம்மா!"

"சிரிச்சா நீயும் சேர்ந்து சிரிச்சிடு."

பஞ்சு கூடத்துக்குப் போனாள். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "குட் மார்னிங், சார்!" என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மாலை நான்கு. பஞ்சுவின் காது சிவந்தது.

அடுத்து ஓர் இளைஞர். அவரிடம் தன் பள்ளி, வகுப்பு, பிடித்த நிறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பிறகுதான் அவர் காதில் பாட்டுக் கருவி மாட்டியிருப்பது தெரிந்தது. பாட்டு நன்றாக இருந்ததோ என்னவோ, அவர் தலையை மட்டும் அழகாக ஆட்டினார்.

சோர்ந்து திரும்பும்போது, அறை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சித்தி வயது இருக்கும். சாம்பல் நிற மழைக்கோட்டு, ஈரத் தலைமுடி. கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். பஞ்சு உற்றுக் கேட்டாள்.

"ஐ லாஸ்ட்... ஐ லாஸ்ட் மை..."

அட! ஆங்கிலம் பேசிப் பழக, கண்ணாடி முன்னால் நின்று தான் செய்வதையேதான் இவளும் செய்கிறாள்!

அந்தப் பெண் உள்ளே போனாள். "ஐ லாஸ்ட் மை..." என்று தொடங்கி நின்றாள். அடுத்த சொல் வரவில்லை. தன் மொழியில் ஏதோ சொன்னாள். கூழாங்கற்கள் உருளுவதுபோல இருந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தவை 'டிக்கெட்', 'வெயிட்', 'சைன் ஹியர்' மூன்றும்தான். மூன்றில் எதுவும் இங்கே பயன்படாது.

"பஞ்சு, நீ கேளேன்," என்றாள் அம்மா.

பஞ்சு தோளில் பை மாட்டுவதுபோலக் காட்டினாள். "பேக்?"

"நோ."

"பாக்ஸ்?"

"யெஸ், யெஸ்! ஸ்மால் பாக்ஸ்!" அந்தப் பெண் காற்றில் ஒரு சாவியைத் திருகிக் காட்டினாள். "பாக்ஸ் சிங்!"

"சாவி கொடுத்தா பெட்டி பாடுமாம், அம்மா," என்றாள் பஞ்சு.

அந்தப் பெண் அந்தப் பாட்டையே மெல்ல முனகிக் காட்டினாள். ஏறி ஏறி இறங்கும் ஊஞ்சல் மாதிரி ஒரு மெட்டு. பிறகு சொல் சொல்லாகத் தேடி எடுத்தாள். "மை சிஸ்டர் ஸ்மால், பாக்ஸ் சிங், சிஸ்டர் ஸ்லீப். நவ், சிஸ்டர் பேபி. டுமாரோ ஐ சீ பேபி."

பஞ்சுவுக்கு எல்லாம் புரிந்தது. தங்கை சின்னவளாக இருந்தபோது கேட்டுத் தூங்கிய பெட்டி. இப்போது தங்கைக்கே குழந்தை பிறந்திருக்கிறது. நாளை அதைப் பார்க்கப் போகிறாள்.

அம்மா எல்லா அலமாரியிலும் தேடினாள். இல்லை. இன்னும் இருபது நிமிடத்தில் அந்தப் பெண்ணின் ரயில் கிளம்பிவிடும்.

"வேர் லாஸ்ட்?" என்று பஞ்சு கேட்டாள்.

"ஐ டோன்ட் நோ," என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது.

தொலைத்த இடம் தெரியாதுதான். ஆனால் அது பாடுகிற பெட்டி ஆயிற்றே! கடைசியாகப் பாட்டைக் கேட்டது எங்கே என்று பஞ்சு வேறு மாதிரி கேட்டாள். "லாஸ்ட் சாங்... வேர் யூ ஹியர்?"

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். கூடத்துப் பெஞ்சைக் காட்டினாள். "பேபி க்ரை. ஐ கிவ் சாங். பேபி ஸ்லீப். ஐ கோ வாஷ்." பக்கத்தில் அழுத யாரோ ஒருவரின் குழந்தைக்குப் பெட்டியைப் பாடவிட்டாளாம்; கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பெஞ்சில் யாரும் இல்லையாம். "பேபி..." என்று எதையோ தள்ளிக் காட்டினாள்.

"குழந்தை வண்டி!" பஞ்சு துள்ளினாள்.

"பச்சை வண்டியா? இப்பத்தான் ஒரு அம்மா மூணாம் நடைமேடைக்கு வழி கேட்டுட்டுப் போனாங்க!" என்ற அம்மா, வெளியே எட்டிப் பார்த்துச் சுமை தூக்குபவரை அழைத்தாள். "அண்ணே, இவங்க ரெண்டு பேரையும் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்களேன்!"

மூவரும் ஓடினார்கள். பச்சை வண்டி ரயில் பெட்டியின் வாசலருகே நின்றது. போர்வைக்குள் ஒரு குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது. அதன் பிடிக்குள் ஒரு சின்ன மரப்பெட்டி.

"ஐயையோ, நான் பார்க்கவே இல்லையே!" என்றாள் குழந்தையின் அம்மா. "எடுத்தா முழிச்சுக்குவானே. காலையிலேருந்து அழுது, இப்பத்தான் கண்ணை மூடினான்."

மழைக்கோட்டுப் பெண் நீட்டிய கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "பேபி ஸ்லீப்," என்றாள். "ஓகே. ஓகே." ஆனால் அவள் முகம் ஓகே என்று சொல்லவில்லை.

பஞ்சு வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். சற்றுமுன் கேட்ட மெட்டை முனகத் தொடங்கினாள். மழைச் சத்தத்துக்குள் மழையாகவே கலந்துவிடுகிற குரல் அது. முனகிக்கொண்டே குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டு விரல், அடுத்த விரல், நடுவிரல்... சுமை தூக்குபவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பெட்டி நழுவி வந்தது. அந்த இடத்தில் தன் கைக்குட்டையைச் சுருட்டி வைத்தாள். குழந்தை அதை இறுகப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

அந்தப் பெண்ணின் ரயில் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முதலாம் நடைமேடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுமை தூக்குபவர் பக்கத்தில் நின்றார்.

"யுவர் ஒர்க்?" என்று பஞ்சு கேட்டாள்.

"ரோடு. ஒயிட் லைன்," என்று அந்தப் பெண் காற்றில் நீளமாகக் கோடு இழுத்தாள். சாலையில் வெள்ளைக் கோடு போடுகிறவளாம்! குளிர்காலத்தில் பனி விழுந்து அவள் கோடுகளை எல்லாம் மூடிவிடுமாம். பனி உருகியதும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்குமாம். பஞ்சு கண்ணை மூடி அந்தச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தாள்.

"மை இங்கிலீஷ் பேட்," என்றாள் அந்தப் பெண்.

"மை இங்கிலீஷ் ஆல்சோ பேட்!" என்றாள் பஞ்சு. இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

ரயில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த அந்தப் பெண் தலையை நீட்டினாள். "பேபி... யுவர் லாங்குவேஜ்?"

"குழந்தை."

"குஸந்தை?"

"ம்ஹூம். குழ... ழ... நாக்கை இப்படி மடிக்கணும்!" பஞ்சு வாயை அகலமாகத் திறந்து காட்டினாள்.

"குலந்தை? குறந்தை?"

ரயில் நகர்ந்தது. பஞ்சு கையை ஆட்டிக்கொண்டே கூடவே நடந்தாள். மழைக்குள் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மங்கின. தூரத்து ஜன்னலில் அந்தப் பெண் மட்டும் வாயைத் திறந்து, நாக்கை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே போனாள்.